மங்காத கோடு

என் வேலை என்னவென்று மட்டக்களப்பில் எங்கள் ஊர் நாவற்குடாவில் ஒருவருக்கும் விளங்கவில்லை. கொழும்புப் பக்கம் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் வேலை என்றால் "டொக்டரா?" என்பார்கள். இல்லை. "அப்ப மருந்து கலக்கிறதா?" அதுவும் இல்லை. "மறுகா என்னதான் செய்றாய் மனே?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போது ஒரு மாமி கேட்டார். கணக்குச் செய்கிறேன் என்றேன். "கணக்குச் செய்றதுக்கு ஏன் ஆஸ்பத்திரி? அரசாங்கக் கச்சேரியில ஒரு வேலை எடுத்திருக்கலாமே" என்றார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே கோபம் மூக்கு நுனியில். "நீங்க சாகாம இரிக்கிறதுக்குத்தான் மாமி கணக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அம்மா ஒரு கிழமை எனக்கு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அறுபதுகளின் பிற்பகுதி அது. கட்டிக்குக் கதிர் கொடுக்க ஆஸ்பத்திரியில் ஒரு கோபால்ட் மிஷின் இருந்தது. எந்த இடத்துக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று டொக்டர் எழுதுவார். அதை எந்தப் பக்கத்தால், எந்தச் சரிவில், எத்தனை நிமிஷம் கொடுத்தால் கட்டிக்கு முழுவதும் போகும், பக்கத்தில் உள்ள நல்ல உறுப்புக்குப் போகாது என்று கண்டுபிடிப்பது என் மேசையின் வேலை. மெல்லிய ஈயக் கம்பியை நோயாளியின் முகத்தைச் சுற்றி வளைத்து, வளைவு கலையாமல் கழற்றி, தாளில் வைத்துச் சுற்றிக் கீறுவேன். முகத்தைக் குறுக்கே அறுத்துப் பார்த்தது போல ஒரு படம் கிடைக்கும். அதன்மேல், கதிர் உள்ளே போகப் போக எப்படிக் குறைகிறது என்று காட்டும் வளைகோட்டுத் தாள்களை வைத்து, புள்ளி புள்ளியாகக் கூட்டிக்கொண்டு வருவேன். கோபால்ட்டும் மாதத்துக்கு மாதம் வலு குறையும். அதற்கேற்ப நிமிஷத்தைக் கூட்ட வேண்டும். பென்சில், ரப்பர், பெருக்கிப் பிரிக்க நகரும் அளவுகோல் ஒன்று. வேறு ஒன்றும் கிடையாது. ஒரு முகத்துக்கு ஒரு நாள் போகும், சில முகங்களுக்கு இரண்டு.

இந்த வேலை கண்ணைக் கெடுத்துவிடும். பார்வையைச் சொல்லவில்லை, பார்க்கிற விதத்தைச் சொல்கிறேன். லீவில் ஊருக்கு வந்து கல்முனை பஸ்ஸில் இருந்தால், முன்சீட்டில் இருப்பவரின் தாடையை எந்தப் பக்கத்தால் பிடிப்பது என்று மனம் தானாகவே போட்டுப் பார்க்கும். அம்மா சோறு போடக் குனியும்போது அவருடைய கழுத்தை நான் அளந்திருக்கிறேன். சொன்னால் அடித்திருப்பார்.

நான் சொல்ல வந்த அக்கா எங்கள் பக்கத்துக் குருக்கள்மடத்தவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். இடது பக்க மேல் பல்லீறில் தொடங்கிய கட்டி கன்னத்து எலும்புக்குள் ஏறியிருந்தது. வலது கண்ணில் சின்ன வயதில் அம்மை போட்டுப் பூ விழுந்துவிட்டது. வெளிச்சமா இருட்டா என்பதுகூட அதற்குச் சரியாகத் தெரியாது. இடது கண் ஒன்றால்தான் அவர் உலகத்தைப் பார்த்தார். அந்த ஒற்றைக் கண்ணால் வாவியில் மீன்பிடிப்பவர்களுக்கு கிழிந்த வலை பொத்திக் கொடுத்துச் சம்பாதித்தார். புருஷன் கூட்டுறவுச் சங்கக் கடையில் நெல் மூட்டை நிறுத்து மூட்டைக்கு நம்பர் எழுதுகிறவர். இரண்டு பேருக்கும் பிள்ளைகள் இல்லை. ஆஸ்பத்திரியில் எங்கள் பிரிவில் அப்போது தமிழ் கதைப்பவன் நான் ஒருவன்தான். ஆகவே டொக்டர் சொல்வதும் தாதிமார் சொல்வதும் என் வாயால்தான் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

"தம்பி நம்மட பக்கமா?" என்று முதல் நாளே கேட்டார்.

"நாவற்குடா."

"அப்ப நம்மட புள்ளதான். ஒண்டு கேக்கன், மறைக்காமச் சொல்லணும். இந்த மிஷினால கண்ணு போயிருமா?"

கட்டியின் மேல் விளிம்புக்கும் கீழ் இமைக்கும் இடையில் ஒரு விரல் அகலம் இருந்தது. எனக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான். அந்த இடைவெளிக்குள் கோடு கீறி, கோட்டுக்கு மேலே கதிர் போகாமல் இரண்டு பக்கத்தாலும் ஆப்பு வடிவ உலோகத் துண்டுகளைப் போட்டு, கணக்கை மூன்று முறை திருப்பித் திருப்பிச் செய்தேன். டொக்டர் பார்த்து, "நல்ல வேலை" என்று ஒரு சொல் சொல்லிக் கையெழுத்து வைத்தார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது அபூர்வம். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் அக்காவிடம் சொன்னேன்: "கண் போகாது அக்கா. அது என்ட பொறுப்பு."

கோடு என்றால், நோயாளியின் தோலிலேயே ஊதா மருந்தால் கீறுவது. முகத்துக்கு அச்சு எடுத்து அதில் கீறுகிற முறையும் இருந்தது. அதற்கான சாமான் கப்பலில் வரவில்லை என்று ஏழெட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மிஷினிலிருந்து சதுரமாக ஒரு விளக்கு வெளிச்சம் விழும். அந்த வெளிச்சம் தோலில் உள்ள கோட்டோடு பொருந்தினால் மிஷின்காரர் கதவை மூடிவிட்டுப் போய் முடுக்குவார். கதிர் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சம் விழுகிற இடத்தில்தான் கதிரும் விழும். கோட்டுக்கு அப்பால் யோசிப்பது மிஷின்காரரின் வேலை அல்ல. யோசிக்க வேண்டியவன் நான்.

ஆகவே கோட்டை அழித்துக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா வந்த மூன்றாம் நாள், மலைநாட்டுத் தோட்டத்து ஆள் ஒருவர் சவர்க்காரம் போட்டு முகம் கழுவிப் பளிச்சென்று வந்து நின்றார். வெளியே வாங்குப் பலகையில் காத்திருந்த அத்தனை பேருக்கும் முன்னால் பிடித்துக்கொண்டேன். "ரெண்டு நாள் கணக்கை ஒரு வாளித் தண்ணியில ஊத்திற்று வந்து நிக்கிறீங்களே. கோடு போனா மருந்தும் போச்சு. எழும்பி வீட்ட போங்க." அந்த மனிதர் துவாயைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அவரை உள்ளே கூட்டிப்போய் வேறு கோடு கீறி அனுப்பினேன். வாங்கில் அக்காவும், நான் அண்ணன் என்று கூப்பிடும் அவருடைய புருஷனும் இருந்தார்கள். மற்றவர்கள் ஏசுவது அவர்களுக்கு விளங்காத மொழியில். நான் ஏசுவது மட்டும் சொல்லுக்குச் சொல் விளங்கும்.

இரண்டு கிழமை நன்றாகப் போனது. கட்டி இளகத் தொடங்கியது. வைகாசி மாதத்தில் மிஷினில் ஏதோ பழுதாகி, அதோடு வெசாக் லீவும் சேர்ந்து, நோயாளிகளை எட்டு நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். போகுமுன் அக்கா என் மேசைக்கு வந்தார்.

"அம்மன் கோயில்ல குளிர்த்தி வருகுது தம்பி. போய் நிக்கலாமா?"

"போங்க. ஆனா முகத்தில தண்ணி பட ஒண்ணா."

நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன். ஆனாலும் எங்கள் கரையில் பிறந்தவனுக்குக் குளிர்த்தி என்றால் என்னவென்று தெரியாமல் இராது. கண்ணகி அம்மன் கோயில் வருஷம் முழுவதும் பூட்டிக் கிடந்து வைகாசியில்தான் கதவு திறக்கும். கடைசி நாளில் அம்மனைக் குளிர வைத்த தண்ணீரைச் சனத்தின் மேல் தெளிப்பார்கள். வருத்தக்காரரை முன்னால் விடுவார்கள். ஊரே அதற்காகத்தான் காத்திருக்கும். அந்தத் தண்ணீருக்குப் போகிற பெண்ணிடம் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன். என்ன புத்தி அது. இன்றைக்கும் நினைத்தால் என்னை நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

எட்டு நாள் கழித்து வந்தார்கள். அக்காவின் கன்னத்தில் கோடு கறுத்து, தெளிவாக, ஒரு இடமும் விடாமல் இருந்தது. எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. "பாருங்க, இந்த அக்காவைப் பாத்துப் படிங்க. மட்டக்களப்பு வெயில்லயும் எப்பிடிக் காப்பாத்திக்கொண்டு வந்திருக்கா" என்று வாங்கு முழுவதுக்கும் கேட்கச் சொன்னேன். தமிழ் விளங்குகிறவர் அந்த வாங்கில் வேறு ஒருவரும் இல்லை. அக்கா தலையைக் குனிந்தார். அண்ணன் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது சிங்களத்தில் இருந்தது.

லீவால் வருகிறவர்களுக்குக் கோட்டைத் திரும்பவும் அளக்க வேண்டும் என்பது முறை. இமையிலிருந்து எவ்வளவு, வாய்க்கடையிலிருந்து எவ்வளவு. இரண்டு நிமிஷ வேலை. அளவுகோல் என் சட்டைப் பையில் இருந்தது. நான் எடுக்கவில்லை. "கோடு சரி" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

இன்னும் நான்கு கிழமை கதிர் போனது. கட்டி கரைந்தது. டொக்டர் வாய்க்குள் விளக்குப் பிடித்துப் பார்த்துத் தலையாட்டினார். கடைசிக் கிழமையில் இடது கண் சிவந்து நீர் வடிந்தது. பக்கத்து இடம்தானே, ஆறிவிடும் என்றார்கள், நானும் அதையே தமிழில் சொன்னேன். அக்கா என் இரண்டு கையையும் பிடித்து, "கடவுள் உங்கள நல்லா வெச்சிரிக்கணும் மனே" என்றார். அண்ணன் ஒரு பை நிறையக் கருவாடு தந்தார். வாசனையோடு பஸ்ஸில் ஏறி நான் தங்கியிருந்த அறைக்குப் போனேன். வழியெல்லாம் பக்கத்தில் இருந்தவர்கள் முறைத்துப் பார்த்தார்கள். எனக்கு அதுவும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு வருஷத்துக்குப் பிறகு அக்காவின் கோப்பு என் மேசைக்குத் திரும்பி வந்தது. கட்டி திரும்பவில்லை. இடது கண் அவிந்துவிட்டது. முதலில் புகை மூட்டம் போலத் தெரிந்ததாம், பிறகு அதுவும் இல்லையாம். கண்ணுக்கு எவ்வளவு கதிர் போயிருக்கும் என்று கண் டொக்டர் கேட்டு எழுதியிருந்தார்.

நான் திரும்பக் கணக்குப் போட்டேன். மிகக் குறைந்த அளவு வந்தது. அவ்வளவுக்கு ஒரு கண் சாகாது. அடுத்த நாளும் போட்டேன், அதே அளவு. கணக்கின்படி அந்தக் கண் பார்க்க வேண்டும். கண் பார்க்கவில்லை.

அதிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. அந்தக் கன்னத்தின் படத்தைத் தாளில் பிரதி எடுத்துப் பெட்டிக்குள் வைத்து ஊருக்கும் கொண்டு போனேன். நத்தார் பண்டிகை லீவில் நாவற்குடா வீட்டு மேசையில் வைத்துப் போட்டேன். ஆராதனையில் எல்லாரும் எழும்பிப் பாட நான் பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் எண்களைப் பெருக்கிக்கொண்டு நின்றேன். வாவிக் கரையில் போய் இருந்தால் கரையின் வளைவு அந்தக் கன்னத்தின் வளைவாகவே தெரிந்தது. மேல் பக்கத்தில் கண் எங்கே வரும் என்று தேடுவேன். கனவில் அக்கா வரவில்லை. வந்திருந்தால் கேட்டிருக்கலாம். விழித்திருக்கும்போதுதான் வந்தார், ஆஸ்பத்திரி வாங்கில், பஸ்ஸில், அம்மாவுக்குப் பின்னால் அடுப்படியில், ஊதாக் கோட்டோடு, தலையைக் குனிந்தபடி.

"ஆனைக்கும் அடி சறுக்கும் மனே" என்றார் அம்மா.

"எனக்குச் சறுக்கல்ல. கணக்குச் சரி" என்று பாய்ந்தேன். அம்மா தேத்தண்ணீரை வைத்துவிட்டுப் போனார். பிழை அகப்பட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். சரி என்று வந்துகொண்டிருந்ததுதான் என்னைத் தின்றது.

இன்னொரு வருஷம் இப்படிப் போனது. ஒரு நாள் ஓட்டமாவடியிலிருந்து வந்த வியாபாரி ஒருவர், வீட்டில் ஒரு மரணம் என்று போய் ஒரு கிழமைக்குப் பிறகு திரும்பி வந்தார். அவருடைய கழுத்துக் கோடு இருந்த இடமே தெரியவில்லை. நான் வாயைத் திறக்குமுன் இரண்டு கையையும் உயர்த்திவிட்டார். "தம்பி, அல்லாட ஆணை, ஒரு சொட்டுத் தண்ணி படல்ல. இந்தக் கச்சான் காத்து வெக்கையில வேர்வையாலேயே மங்கிற்று."

எனக்கு அக்காவின் கன்னத்துக் கோடு நினைவில் வந்தது. வைகாசிக் கச்சான் காற்றில், எட்டு நாள், மங்காத கோடு எங்கே இருக்கிறது? என் கண்ணுக்கு முன்னால் கறுத்துத் தெளிவாக இருந்ததே, அதுவே போதாதா எனக்கு? கோடு கீறுவதே தொழிலாக இருந்தவன், அதைப் பார்த்துப் பாராட்டி ஊரைக் கூட்டியிருக்கிறேன்.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். நாவற்குடாவில் இறங்கவில்லை. நேரே குருக்கள்மடம். விசாரித்துப் போனபோது காலை பத்து மணி இருக்கும். வாவிப் பக்கம் ஓலை வேலி வளவு. அக்கா மாமர நிழலில் பாயில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். விரலால் கண்ணியைத் தடவித் தடவி எண்ணி முடிச்சுப் போட்டார். அவர் பொத்தி முடித்த பக்கத்தைச் சற்றுத் தள்ளி இருந்து அண்ணன் சத்தமில்லாமல் அவிழ்த்துத் திரும்பவும் பொத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவர் கை நின்றது.

"அக்கா" என்றேன்.

"ஆர், கணக்குத் தம்பியா? இஞ்ச வந்து இரிங்க மனே" என்று அக்கா குரலை வைத்தே முகத்தைத் திருப்பினார். கன்னம் நன்றாக ஆறியிருந்தது. அந்த வடுவைக்கூட நான் அளந்தேன்.

நான் கேட்கத் தேவைப்படவில்லை. அக்கா தேத்தண்ணீர் வைக்க உள்ளே தடவித் தடவிப் போனதும் அண்ணன் தாழ்ந்த குரலில் தானாகவே தொடங்கினார்.

"குளிர்த்திக்குப் போன நாங்க. வருத்தக்காரி எண்டு இவள முன்னுக்கு விட்ட. பூசை செய்ற கட்டாடியார் மஞ்சத் தண்ணிய முகத்தில அள்ளி எத்திற்றார். அவரும் நல்லதுக்குத்தானே செஞ்ச. துடைச்சிப் பாக்கக்குள்ள கோடு இல்ல. தம்பி, இவள் அழுத அழுகை. கோடு போனா மருந்தும் போச்சு, வீட்ட அனுப்பிருவாங்க எண்டு. நான்தான் சங்கத்தில மூட்டைக்கு நம்பர் எழுதுற காப்பிப் பென்சில எச்சில் தொட்டுக் கீறின. அதுவும் ஊதாத்தானே. மஞ்சளுக்குள்ள பழைய இடம் சரியாத் தெரியல்ல."

வலை அவருடைய மடியில் கிடந்தது. போட்ட முடிச்சையே அவர் கை திரும்பத் திரும்ப அவிழ்த்தது.

"ரெண்டு வருஷமாக் கேக்க நினைக்கன். ஆரிட்டக் கேக்கிற? உண்மையச் சொல்லுங்க. நான் கீறின கோட்டாலயா இவள்ட கண் போன?"

ஓம் என்பதுதான் விடை. ஒரு விரல் அகலம் மேலே ஏறியிருக்கும், அவ்வளவுதான், எனக்கு இருந்ததே அவ்வளவுதான். ஆனால் அந்தக் கோட்டுக்குக் கையெழுத்து வைத்தவன் நான். முடிச்சு அவிழ்க்கும் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டு என்னால் ஓம் என்று சொல்ல முடியவில்லை.

"இல்லண்ணன். கோடு சரியாத்தான் இருந்த. பாத்துத்தானே நான் கையெழுத்து வெச்ச. கணக்கில நான்தான் பிழை விட்டன்."

என் கணக்கைப் பற்றி நான் சொன்ன ஒரே பொய் அது. அவர் வலையை மடியிலிருந்து தள்ளினார். பிறகு எழும்பினார். வந்ததிலிருந்து கூனியிருந்த மனிதர் நிமிர்ந்து நின்றார்.

"அப்ப நீதான்" என்றார். "நீதானா? பொறுப்பு எண்டு சொன்னியேடா. எழும்பிப் போ. இந்த வளவுக்குள்ள நிக்காத."

எழும்பினேன். அவர் வேலிப் பக்கம் திரும்பி நின்று, தோள் குலுங்க அழுதார். எனக்கு ஏச்சு விழுந்தது நல்லது என்றுதான் இருந்தது. அக்காவின் கோப்பு வந்த நாளிலிருந்து முதல் முறையாக நெஞ்சில் கொஞ்சம் காற்று இறங்கியது. வாசல் கடப்பைத் தாண்டி ரோட்டுக்கு நடந்தேன்.

பின்னால் வேலி ஓலை சரசரத்தது. அக்கா ஓலையைப் பிடித்துப் பிடித்து வந்துகொண்டிருந்தார்.

"தம்பி, நில்லுங்க. அவர் ஏசினதுக்குக் கோவிக்காதீங்க. உள்ளுக்க நிண்டு கேட்டன், நீங்க அவருக்கு அப்பிடிச் சொன்னது நல்லம். அந்த மனுஷன் ரெண்டு வருஷமாச் சோறு ஒழுங்காத் தின்னல்ல." மூச்சு வாங்கினார். "ஆனா நீங்க கணக்குப் பிழை விடுற ஆள் இல்ல. எனக்குத் தெரியும். முந்தி அந்த மிஷின்ட வெளிச்சம் கன்னத்திலதான் விழுற. குளிர்த்திக்குப் போய் வந்த பிறகு கண்ணுக்குள்ள விழுந்த. முதல் நாளே தெரிஞ்ச. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுக் கிடந்தன், ஒவ்வொரு நாளும்."

எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. அந்த இடத்திலும் உயர்ந்தது.

"ஏனக்கா சொல்லல்ல? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அரை மணித்தியாலத்தில வேற கோடு கீறியிருப்பனே."

அக்கா முகத்தை என் பக்கம் திருப்பினார். பிறகு, ஒரு சந்தேகம் கேட்கிறவர் போல, மெதுவாகக் கேட்டார்.

"திருப்பிக் கீறலாமா, மனே?"